ஓர்த்தென்சியா பூக்காத வருடம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மன்னாரிலிருந்து தங்கை தொலைபேசியில் கேட்டாள்.

“அண்ணை, போன வருசம் அந்த நீலப் பூவின்ரை படம் அனுப்பினனீங்கள். வாற வருசம் வீடியோ எடுத்து அனுப்பிறன் எண்டும் சொன்னனீங்கள். ஆனியும் முடியப்போகுது. எங்கை?”

“இந்த முறை இஞ்சை சரியான வெயில் பிள்ளை. பூ வரேல்லை” என்றேன்.

அது பொய். அந்தப் பூவைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதைச் சொன்னபோது எங்கள் குடும்பத்தில் மூன்று பேரின் வதிவிடக் கடதாசியும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் விளக்க முடியாது. எழுதினால் ஆறுதலாக வாசிப்பாள். நீங்களும் வாசியுங்கள்.

2

நான் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து பதினாறு வருடங்கள். கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் நானும் மனைவி வசந்தியும் மகள் ஆரணியும் இருக்கிறோம். ஆரணி இங்கேயே பிறந்தவள். பதின்மூன்று வயது. வசந்தி பொலிதேயாமாப் பக்கத்து அலுவலகங்களைத் துப்பரவு செய்கிறாள். அது ஒப்பந்தக் கடதாசி இல்லாத வேலை. நான் ஒரு வயோதிபரைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலமானதும் வேலையும் போயிற்று. போன வருடம் சித்திரையில், பங்குக் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது.

வீட்டுக்காரிக்கு எண்பத்திரண்டு வயது. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் தொரினோவில், நாட்டின் மறு தலைப்பில். நான் அவரைச் சிஞ்ஞோரா என்பேன். அவர் சிவகுமாரன் என்ற என் பெயரைச் சிவா ஆக்கிவிட்டார். நிலமட்ட வீடு. பின்கதவைத் திறந்து மூன்று படி இறங்கினால் பத்துப் பாய் விரிக்கக்கூடிய அளவில் ஒரு தோட்டம். அதில் டாலியா, ஜெரானியம், நிழல் விழும் மதிலோடு ஏழு ஓர்த்தென்சியா. ஓர்த்தென்சியாவை நம் ஊர் வெயிலில் நான் கண்டதில்லை. நெஞ்சளவு செடி, ஒவ்வொரு பூங்கொத்தும் ஒரு முட்டைக்கோவா அளவு, நல்ல நீலம். அந்தப் படத்தைத்தான் தங்கைக்கு அனுப்பினேன்.

இங்கே வாழ்வதற்கான அனுமதி அட்டைக்குப் பெர்மெஸோ என்று பெயர். வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் அதைப் புதுப்பிக்கலாம். வசந்தியுடையதும் ஆரணியுடையதும் என்னுடையதில் தொங்குகின்றன. இவ்வளவு காலம் இருந்தவர்கள் நீண்டகால அட்டை எடுக்கலாம். ஆனால் அதற்கொரு மொழிப் பரீட்சை உண்டு. இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கேட்டல் பகுதியில் விழுந்தேன். ஆளை நேரே பார்த்தால், கை அசைவைப் பார்த்தால், எனக்கு இத்தாலியன் விளங்கும். வெறும் குரலாக வந்தால் நான் செவிடன்.

விளங்காததை மறைக்க ஒரு சொல் வைத்திருக்கிறேன். ‘ஓம்’ என்பதற்கு இவர்கள் ‘சி’ என்பார்கள். வந்த புதிதில் அது நம்முடைய ‘சீ’ மாதிரிக் கேட்டு, சனங்கள் ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் அருவருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். பிறகு என் வாயில் அதிகம் வருவதே அதுவாயிற்று. விளங்கினாலும் சி, விளங்காவிட்டாலும் சி.

3

ஐப்பசிக் கடைசியில், நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஈரத் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து முதலில் சொன்னது, “இவ்வளவு ஆறுதலாகவா வாறாய்?” என்ற மாதிரி ஒன்று. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்கும் ஒரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அவர் வரும்வரை வீட்டையும் தோட்டத்தையும் நான் பார்க்கவேண்டும் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். சி என்றேன்.

இரண்டு கிழமை கழித்து சிஞ்ஞோராவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ தாதியின் போன். பின்னால் தட்டு முட்டுச் சத்தம். மெலிந்த குரல், பாதி சிசிலியப் பேச்சு. ‘டாலியா’ என்பதும் ‘மார்ச்’ என்பதும்தான் எனக்குப் பிடிபட்டன. பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆரணியிடம் போனைக் கொடுத்தேன். ஒரு காதில் தன் பாட்டு, மறு காதில் சிஞ்ஞோரா.

“டாலியாவை நிலத்தோடை வெட்டி... கிழங்கை எடுத்து வைக்கட்டாம். ஓர்த்தென்சியாவும்... விடட்டாம், மார்ச் மட்டும்.”

“ஓர்த்தென்சியாவையும் வெட்டி விடுறதோ?”

“ஓம் அப்பா, ஓம். மார்ச் மட்டும்.”

மார்ச் வரைக்கும் அப்படியே மொட்டையாக நிற்கும், பிறகு தளிர்க்கும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்குத் தெரிந்த செடி செவ்வரத்தை. இடம்பெயர்ந்து போய் நாங்கள் வளவுக்குத் திரும்பியபோது வேலியோடு நின்ற செவ்வரத்தை முழுவதையும் யாரோ அடியோடு தறித்திருந்தார்கள். ஒரு மழைதான் பெய்தது. அடுத்த மாதம் பூ. செடி என்றால் அப்படித்தான் என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொடங்கினேன். டாலியாவை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்குகளை முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கும் மண்வாரியால் கிளப்பி, மண்ணை உதறி, தலைகீழாகக் காயவிட்டேன். பிறகு சந்தையில் கேட்டு வாங்கிய மரப்பெட்டியில் காய்ந்த மணலும் பத்திரிகைத் தாளும் போட்டு அடுக்கி, படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். போனில் நான் எடுத்த படத்தைப் பார்த்த வசந்தி, “வத்தாளங்கிழங்கு மாதிரியல்லோ கிடக்கு. அவிச்சுப்போடாதேங்கோ” என்று சிரித்தாள். ஜெரானியத்தைப் பாதியாக வெட்டிச் சட்டிகளை மதிலோரம் நகர்த்தினேன்.

கடைசியாக ஓர்த்தென்சியா. பூக்கள் கடதாசிபோல் காய்ந்து நிறம் மங்கி நின்றன. ஒவ்வொரு தடியின் நுனியிலும் பூவுக்குச் சற்றுக் கீழே, பச்சையாய்த் தடித்த ஒரு சோடிக் குருத்து. அதைக் கண்டேன். கண்டும் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. ஏழு செடியையும் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, கறுப்புப் பைகளில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு, சுத்தமான தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். நல்ல சந்தோசமாக இருந்தது.

4

அந்த வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவைப் பார்க்கப் போனேன். நான் நினைத்ததைவிடப் பாதியாகியிருந்தார். நடக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம். காலையில் பயிற்சிக்குத் தூக்கினால் அழுகிறாராம். தாதி என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னார். இப்படியே போனால் மகன் வந்து தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போவார், வீட்டைப் பூட்டுவார் என்று அவருடைய கை காட்டியது. பூட்டுகிற மாதிரி விரலைத் திருப்பினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். சிஞ்ஞோரா தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். டாலியாக் கிழங்குப் பெட்டியின் படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார். பிறகு உள்ளங்கையைக் கட்டிலுக்கு மேலே, செடி உயரத்துக்கு, தட்டையாகப் பிடித்தார். “ஓர்த்தென்சியா” என்றார். மற்றக் கையின் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி மூடித் திறந்து, உடனே அந்தக் கையை இல்லை இல்லை என்று அசைத்தார். என் முகத்தைப் பார்த்து, “விட்டுவைத்தாய்தானே?” என்று கேட்டார்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு விளங்காமல் இருக்க முடியாது. பெர்மெஸோ தை மாதம் முடிகிறது. இந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“சி, சிஞ்ஞோரா” என்றேன்.

அவர் கண்ணை மூடிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, நடைச்சட்டத்தைக் கிட்ட இழுத்துவிடச் சொன்னார். அன்று யன்னல் வரை போய் வந்தார். தாதி கை தட்டினார். நானும் தட்டினேன்.

5

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் அந்தச் செய்தியைத் திரும்பப் போடச் சொன்னேன். இந்த முறை இரண்டு காதாலும் கேட்டாள். முகம் மாறியது.

“அப்பா... ஓர்த்தென்சியாவை *விட*ச் சொல்லிச் சொல்றா. மார்ச் மட்டும் தொடக்கூடாதாம். நான் அதைத்தானே சொன்னனான்!”

“வெட்டி விடட்டாம் எண்டு சொன்னனி.”

“விடட்டாம் எண்டுதான் சொன்னன்! வெட்டுறது டாலியாவுக்கு. விடுறது ஓர்த்தென்சியாவுக்கு.”

“ஓர்த்தென்சியா*வும்* எண்டனி. நான் திருப்பிக் கேட்க ஓம் எண்டும் சொன்னனி.”

அந்த ‘உம்’மில் என்ன பிழை என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது விளங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. பிறந்த நாள் தொட்டு தமிழ் கதைக்கிற வீட்டில் வளர்ந்தவள், ஒரு சின்னச் சொல் தெரியாதா என்று கத்தினேன். பாட்டைக் காதுக்குள் வைத்துக்கொண்டு அப்பாவின் வேலையை வெட்டிப்போட்டாய் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அவள் அழவில்லை. “பதினாறு வருசமா இஞ்சை இருக்கிறியள். எட்டு வயசிலையிருந்து நான்தானே உங்களுக்கு எல்லாம் சொல்றன். போஸ்ட் ஒஃபிஸிலை, டொக்டரிட்டை, குவெஸ்தூராவிலை. இனிமேல் நான் வரமாட்டன்” என்று சொல்லி அறைக்குள் போய்விட்டாள். குவெஸ்தூரா என்பது பெர்மெஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோர்.

வசந்தி குசினி வாசலில் நின்றாள். “பிள்ளையைப் பேசி என்ன செய்யிறது? நீங்கள் ஏன் அங்கை ஓம் எண்டு சொன்னனீங்கள்?”



6

மார்கழியிலும் தையிலும் நான் அந்த ஏழு மொட்டைகளோடுதான் வாழ்ந்தேன். காய்ந்த இலைகளைக் கூட்டி அடியில் மெத்தைபோல் போட்டேன். ஒருநாள் ஆலங்கட்டி மழை கொட்டியபோது எங்கள் வீட்டிலிருந்து சிஞ்ஞோராவின் தோட்டத்துக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால், வெட்டுவாய்களில் வெள்ளைக் கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நம் ஈழத்தலரிக்கு இங்கே பொமேலியா என்று பெயர். பலெர்மோச் சனங்கள் குளிர் தொடங்கியதும் அதன் கிளை நுனிகளில் முட்டைக் கோதைக் கவிழ்த்து வைப்பார்கள். நுனி கருகாமல் இருக்குமாம். சிஞ்ஞோராவின் வாசலிலும் இரண்டு சட்டி நின்றன. வீட்டில் முட்டை உடைக்கும்போதெல்லாம் கோதைப் பத்திரப்படுத்திக் கொண்டுபோய் வைத்தேன். வெட்டாத செடிக்கு இவ்வளவு பக்குவம் பார்க்கிறவன், வெட்டக்கூடாததை வெட்டிவிட்டேனே என்று கை வேலை செய்யும்போது மனம் சொல்லிக்கொண்டிருக்கும்.

பெர்மெஸோவைப் புதுப்பிக்கத் தபால் கந்தோருக்கு விண்ணப்பக் கட்டோடு தனியாகப் போனேன். யன்னலில் இருந்த பெண் ஏதோ கேட்டார். சி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பின்னால் நின்றவர் பொறுமையாக விளக்கினார்: ‘முகவரி மாறியிருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார். மாறவில்லை. வைகாசியில் குவெஸ்தூராவுக்கு வரும்படி துண்டு தந்தார்கள். அதற்கு, வேலை தொடர்கிறது என்று சிஞ்ஞோரா கையெழுத்திட்ட புதுக் கடிதம் ஒன்றும் கொண்டுவரவேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மருத்துவமனைக்குப் போவேன். சிஞ்ஞோரா ஒவ்வொரு முறையும் கூடுதலாக நடந்தார். ஒவ்வொரு முறையும் தோட்டத்தைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் அதே சொல்லைச் சொன்னேன்.

7

மாசி நடுவில், இலை மெத்தையை விலக்கிப் பார்த்தபோது, அடியிலிருந்து சிவப்பும் பச்சையுமாக முளைகள். ஏழிலும். மண்ணில் முழங்கால் போட்டு எண்ணினேன். அன்று வழியில் ஆரணிக்கு அவளுக்குப் பிடித்த இனிப்பு வாங்கிக்கொண்டு போய், “தளிர்த்திட்டுது பிள்ளை, எல்லாம் தளிர்த்திட்டுது” என்றேன். “ம்” என்றாள். மூன்று மாதமாக எனக்கும் அவளுக்கும் இடையில் அதுதான் கதை.

பங்குனியில் சிஞ்ஞோரா நடைச்சட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். மகனும் வந்திருந்தார். மூன்று படி இறங்கச் சிஞ்ஞோராவால் முடியாது. கண்ணிலும் புகை படர்ந்திருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பச்சையைப் பார்த்தார். தொரினோவுக்கு வரும்படி மகன் வற்புறுத்தினார். “ஓர்த்தென்சியா பூத்து முடியட்டும். பிறகு கதைப்போம்” என்று அவர் சொன்னது எனக்கே விளங்கியது.

செடிகள் பெருத்துக்கொண்டே வந்தன. உள்ளங்கையளவு இலைகள். நான் தப்பிவிட்டேன் என்று நம்பத் தொடங்கினேன்.

சித்திரையில் ஒரு பின்னேரம் ஆரணி தானாகவே என் பக்கத்தில் வந்து இருந்தாள். போனைப் பார்த்து வாசித்தாள், மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கி.

“அப்பா, இது பழைய தடியிலைதான் பூக்குமாம். போன வருசத்துத் தடி. அதின்ரை நுனியிலை குளிர்காலம் முழுக்கப் பூ... ஜெம்மா... மொட்டுக்கு முதல் வாறது, அதுக்கு என்ன?”

“குருத்து.”

“குருத்து இருக்குமாம். அடியோடை வெட்டினா இலை வருமாம். அந்த வருசம் பூ வராதாம்.”

பச்சையாய்த் தடித்த அந்தச் சோடிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“நான் போய்ச் சொல்றன் சிஞ்ஞோராவிட்டை. நான்தானே பிழையாச் சொன்னனான்” என்றாள்.

“வேண்டாம்” என்றேன். வசந்தியும் அதையே சொன்னாள். “கையெழுத்து வாங்கி, குவெஸ்தூரா முடியட்டும். பிறகு சொல்லலாம்.” நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சொன்னபோது ஆரணி எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

8

குவெஸ்தூராவுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் சிஞ்ஞோராவின் வீட்டு உள்நடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பள்ளிக்கூடப் பையோடு ஆரணி. என்னைத் தாண்டி, ஈரத் தரையில் தடம் பதிய, நேரே சிஞ்ஞோராவிடம் போனாள்.

அவள் கதைத்தது எனக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு வேகம். இந்த ஊர்ப் பிள்ளைகள் இழுத்துப் பேசுகிற அதே இழுவை. என் பிள்ளை என் முன்னால் நின்று என்னைப் பற்றிப் பேசுகிறாள், எனக்கு விளங்கவில்லை. சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்தேன். அது மெல்ல மெல்ல இறுகியது. ‘கோல்ப்பா மீயா’ என்று ஆரணி சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ‘என்னுடைய பிழை.’

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தும்புத்தடியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

“இல்லை, சிஞ்ஞோரா. நான். வெட்டினது நான். மருத்துவமனையில் சி சொன்னது நான்.”

என் இத்தாலியன் அவ்வளவுதான். சிஞ்ஞோரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், கணக்குப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி, ஒன்று சொன்னார். ஆரணி தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை, ஆனாலும் சொன்னாள்.

“நீ சொன்ன அந்தச் சியை நம்பித்தான் நான் நடந்தனானாம்.”

சிஞ்ஞோரா கதவுப் பக்கம் திரும்பி, இன்றைக்கு வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினார்.

வழி நெடுக ஆரணி அழுதாள். கபோச் சந்தையில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார்கள். “வேலை போயிடுமோ அப்பா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, பிறகு அன்றுதான்.

அடுத்த நாள் போனேன். சிஞ்ஞோரா வணக்கம் சொல்லவில்லை. கோப்பி வைத்தேன், குடித்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கதிரையைவிட்டு எழும்பி, பின்கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு கையில் தடி, மற்றக் கை என் தோளில். மூன்று படியையும் இறங்க அரை மணித்தியாலம் பிடித்திருக்கும். ஓர்த்தென்சியாவின் அடிக்குக் குனிந்து, இலையை ஒதுக்கி, பழைய வெட்டுவாய் ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவினார். ஏழையும். மேலே வந்ததும் என் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார்.

கடிதத்தை நீட்டியபடியே சொன்னார்: “விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். இந்த வீட்டில் அதற்கு ஒருவரும் அடிக்கமாட்டார்கள்.”

9

குவெஸ்தூராவில் விரல் அடையாளம் எடுத்தார்கள். ஆரணி வந்தாள். அட்டை இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். நம்புகிறேன், ஆனாலும் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறக்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்னர் தொரினோவிலிருந்து மகன் வந்தார். வந்ததும் பின்கதவைத் திறந்தார். வெளியே மதில் மறையும் அளவுக்குப் பச்சை. ஒரு பூ இல்லை. “அம்மா, இவற்றுக்கு என்ன நடந்தது? யார் இப்படிச் செய்தது?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டு வழுக்கப் பார்த்தது.

சிஞ்ஞோராவின் இரண்டு கையும் நடைச்சட்டத்தில் இருந்தன. முகம் தோட்டத்தைப் பார்த்தபடி. எனக்கு அவருடைய முதுகும் குரலும் மட்டும்தான்.

“அப்பியாமோ ஸ்பல்யாத்தோ” என்றார். வெட்டும்போது பிழை நடந்துவிட்டது, வாற வருடம் பூக்கும், அதை நான் பார்க்கவேண்டும் என்றார். மகன் பெருமூச்சு விட்டார். தொரினோக் கதை முடியவில்லை. மாரி வரைக்கும் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு விளங்கியது. கையைப் பார்க்காமலே விளங்கியது. ஆனாலும் என் காதில் எனக்கு நம்பிக்கையில்லை. பின்னேரம் வீட்டில் ஆரணியிடம் அந்த இரண்டு சொல்லையும் சொல்லி, சரியாகச் சொல் என்றேன். காதிலிருந்த இயர்ஃபோன் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யோசித்தாள்.

“பிழை விட்டிட்டம்.”

“விட்டிட்டான் எண்டு இல்லையோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லு.”

“இல்லையப்பா. அவர் விட்டிட்டார் எண்டால் வேறை மாதிரிச் சொல்லோணும். இது நாங்கள்.” மறுபடி யோசித்தாள். பிறகு, நான் பிடித்துக்கொள்ளும்படி மெதுவாக, இரண்டாம் தரமும் சொன்னாள். “நாங்கள் பிழை விட்டிட்டம் எண்டு சொல்லியிருக்கிறா.”